சோலைவரியும் முன்பள்ளியும்

யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துப் பிரதேச சபை ஒன்றின் வருமானப் பகுதியில் சில காலம் வேலை செய்தேன். வீடு, கட்டடங்களுக்குச் சபை அறவிடும் சோலைவரியின் துண்டோடு படலை படலையாக ஏறி இறங்குவதுதான் வேலை. முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. அதனால் ஜனவரிக் கடைசியில் கவுண்டரில் சனம் முட்டும். வாய்ச்சண்டைக்கும் அதுதான் காலம்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லை, செயலாளர்தான் எல்லாம் பார்த்தார். பாதீட்டு விவாதம் நடக்க மண்டபம் இருந்தும் பேச ஆளில்லை. அந்த விவாதம் எங்கள் கவுண்டருக்கும் சனசமூக நிலையங்களுக்கும் வந்து சேர்ந்தது. முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சபை நிதியிலிருந்தும் ஏதாவது கொடுக்கலாமா, அதற்காக வரியைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று ஒரு பேச்சு அப்போது அடிபட்டது. மாகாணத்திலிருந்து வரும் சிறு கொடுப்பனவும் பெற்றோர் கொடுக்கும் காசும்தான் அந்த ஆசிரியைகளுக்குச் சம்பளம் என்ற பெயரில் கிடைப்பவை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார். "என்ர பிள்ளையள் மூண்டு பேரும் கனடாவில. பேரப்பிள்ளையளும் அங்கதான். ஆற்றையோ பிள்ளை பாட்டுப் படிக்க நான் ஏன் தம்பி காசு கட்டோணும்?"

பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் முந்திக்கொண்டார். "மாஸ்டர், நீங்கள் காலமை உதயன் பேப்பர் பார்க்கிற சனசமூக நிலையக் கட்டடத்தில, அடுத்த அறையிலதான் அந்தப் பள்ளிக்கூடம் நடக்குது. மழைக்கு ஒழுகினா ரெண்டுக்கும் ஒண்டாத்தான் ஒழுகும்."

மாஸ்டர் சிரித்தார், ஆனால் விடவில்லை. "சரி, கட்டுறன். அது அந்த அறைக்குத்தான் போகுமெண்டு எழுதித் தருவியளோ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சோலைவரி சபை நிதியில் விழுந்துவிட்டால் குப்பை உழவு இயந்திரத்தின் டீசலும் அதுதான், தெருவிளக்கும் அதுதான், சிறுவர் பூங்காவின் ஊஞ்சலும் அதுதான். மாஸ்டரைப் பலர் கஞ்சன் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்டது கணக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, அபிவிருத்தியடைந்தது என்று பிரகடனப்படுத்திய பகுதியில்தான் சபை சோலைவரி அறவிடலாம். அந்த எல்லைக்கு வெளியே உள்ள ஒழுங்கைகளில் மாடி வீடு எழும்பினாலும் துண்டு போகாது. எல்லைக்குள்ளும் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர் லண்டனில், திறப்பு மச்சானிடம், மச்சான் கொழும்பில். வீதத்தைக் கூட்டினால் சுமை விழுவது, ஏற்கனவே ஒழுங்காகக் கட்டுகிற மாஸ்டர் போன்றவர்களின் தலையில்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் "பிள்ளைகளுக்காக" என்று உருகுவது எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் துண்டு போகாத வீடுகளுக்குத் துண்டு போகட்டும்.

அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் இதே சண்டைக்கு வேறு வழி கண்டார்கள். சிறுவர் சேவைக்கென்றே தனியான சொத்து வரி. 1988இல் மக்கள் அதை வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2002இல் மறுபடி கேட்டபோது, சில ஆண்டுகள் பார்த்துவிட்டு மீண்டும் உங்களிடமே வருவோம் என்ற உறுதியோடு கேட்டார்கள், வென்றது. 2008இல் சொன்னபடியே திரும்ப வாக்கெடுப்பு வைத்தார்கள், இன்னும் பெரிதாக வென்றது. வீட்டு அடைமானக் கடனில் சனம் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டு அது! காசு எங்கே போனது என்று காட்டினால் சனம் கொடுக்கும் என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன். தனிவரி போட எங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறதோ இல்லையோ, கணக்குக் காட்ட எந்தச் சட்டமும் தடையில்லை.

அடுத்த ஆண்டுக்கான துண்டுகளை அச்சிடக் கொடுக்கும்போது, போன வருடம் சிறுவர்களுக்கு எவ்வளவு செலவானது என்று பின்பக்கத்தில் நாலு வரி போடுவோமா என்று கேட்டேன். பின்பக்கத்தில் அறிவுறுத்தல்கள் இருக்கின்றன, இடமில்லை என்றார்கள். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமே என்று எழுதிக் கொடுத்தேன். நான் இடமாற்றத்தில் போகும்வரை அந்தக் கோவை மேசையில்தான் கிடந்தது.