பத்தாவது படியும் நான்கு ஸ்பேஸும்

மென்பொருள் கையேட்டைக் கதைபோல உட்கார்ந்து யாரும் படிப்பதில்லை. சர்வர் நின்றுபோயிருக்கும், அதைச் சரிசெய்யச் சொல்லி நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், படிப்பவர் கமாண்ட்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்து ஒட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் படி எண் மாறினால் வேலை மாறும். ஒரு குறி காணாமல் போனால் கமாண்டே வேறாகிவிடும். அதனால்தான் தொழில்நுட்ப ஆவணத்தின் வடிவமைப்பை அழகு சார்ந்த விஷயமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

பல வருடங்களாக டெவலப்பர்களோடு சேர்ந்து நிறுவல் வழிகாட்டிகளும் ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் பயன்படுத்தும் வழி) குறிப்புகளும் எழுதிவருகிறேன். முன்பு எல்லாமே வேர்டு கோப்புகள். மின்னஞ்சலில் சுற்றிவரும் பிரதிகளில் எது கடைசிப் பிரதி என்று ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் உரையில் சில குறிகளைச் சேர்த்துத் தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் காட்டும் மார்க்டவுன் முறைக்கு மாறிய பிறகு, கோட் இருக்கும் அதே கிட் ரெப்போவுக்குள் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் சேமிப்பிடம்) ஆவணமும் வந்துவிட்டது. ஓர் அமைப்பின் (செட்டிங்) பெயரை டெவலப்பர் மாற்றினால், அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்க ஒப்புதல் கேட்கும் கோரிக்கை) ஆவணத்தையும் மாற்றச் சொல்லலாம். மாற்றாவிட்டால் ஒப்புதல் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பலம் இதுதான்.

ஜான் குரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டார்; ஆரன் ஸ்வார்ட்ஸ் அதற்கு உதவியிருந்தார். இணையப் பக்கமாக மாற்றாமல் வெறும் உரையாகப் பார்த்தாலும் சிரமமின்றிப் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை நோக்கம். ஆவணத்தை ரிவ்யூ செய்பவர் பார்ப்பதும் அந்த வெறும் உரையைத்தான். அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பத்திக்குள் இருக்கும் ஒற்றை வரி முறிவு, உருவாகும் பக்கத்தில் பொதுவாகத் தெரியாது. ஆனால் ஒரு சொல்லைத் திருத்தினால் முழுப் பத்தியும் மாறியதாகக் காட்டாமல், அந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறியதாக கிட் காட்டும். ரிவ்யூ செய்பவர் உண்மையிலேயே படித்துவிட்டு ஒப்புதல் கொடுப்பார்.

நான் அதிக நேரம் செலவிடுவது எண்ணிட்ட படிகளில். "1." என்று எழுதி ஒரு ஸ்பேஸ் விட்டால் வாசகம் நான்காவது எழுத்திடத்தில் தொடங்குகிறது. அந்தப் படிக்குள் அடங்க வேண்டிய கோட் பிளாக்கையும் (கமாண்ட்களைத் தனியாகக் காட்டும் பகுதி) அதே நேரில், அதாவது மூன்று ஸ்பேஸ் தள்ளி வைக்க வேண்டும். ஒன்பதாம் படிவரை எல்லாம் ஒழுங்காகப் போகும். "10." வந்ததும் எண்ணே ஓர் இடம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, இப்போது நான்கு ஸ்பேஸ் வேண்டும். கை பழக்கத்தில் மூன்றே விடும். உடனே கோட் பிளாக் பட்டியலைவிட்டு வெளியே வந்து இடது ஓரத்தில் நிற்கும், பட்டியலும் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து வருவது புதிய பட்டியல். சில கருவிகள் அதை 11 என்றே தொடரும். பழைய கருவிகள் மறுபடி 1 என்று தொடங்கிவிடும். அப்படி உடைந்த ஒரு பக்கத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்த ஆதரவுப் பொறியாளர் ஒருவர் போனில் கேட்டார்: "பத்தாவது முடிச்சிட்டேங்க, அடுத்து ஒண்ணுன்னு இருக்கு. முதல்லேர்ந்து மறுபடி பண்ணணுமா?" நியாயமான கேள்வி. டேட்டாபேஸை அழித்து மறுபடி உருவாக்குவதுதான் அந்தப் பக்கத்தின் முதல் படி. அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று.

இப்போது நீளமான நடைமுறைகளில் எல்லாப் படிக்கும் "1." என்றே எழுதச் சொல்கிறேன். பக்கம் உருவாகும்போது எண்கள் வரிசையாகத் தாமே வந்துவிடும். ஸ்பேஸ் கணக்கு மாறாது, நடுவில் ஒரு படியைச் செருகினாலும் மற்ற வரிகளைத் தொட வேண்டியதில்லை. பட்டியல் எங்காவது உடைந்தால், அடுத்த படி 1 என்று நிற்பது முன்னோட்டத்திலேயே கண்ணில் பட்டுவிடும். வெறும் உரையில் படிப்பவருக்கு எண் தெரியாது என்பது இதில் உள்ள இழப்புதான். ஆனாலும் ஏற்கலாம் என்பது என் கருத்து. படிகள் பத்தைத் தாண்டினால், இரண்டு தலைப்புகளாகப் பிரிக்க முடியுமா என்று முதலில் பார்ப்பது இன்னும் நல்லது.

அப்புறம், பேக்டிக், அதாவது கோட் என்று காட்டச் சுற்றிப் போடும் ` குறி. காப்பி செய்யப்படும் எதுவும் பேக்டிக்குக்குள் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பயனர் பெயர் வர வேண்டிய இடத்தைக் காட்டக் கோணக் குறிகளுக்குள் ஆங்கிலத்தில் 'யூசர்நேம்' என்று எழுதுவது வழக்கம். பேக்டிக் இல்லாமல் அதைச் சாதாரண வரியில் எழுதினால், மார்க்டவுன் அதை ஹெச்டிஎம்எல் டேக் (இணையப் பக்கத்தை வடிவமைக்கும் குறி) என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் அந்தச் சொல் இருக்காது. எழுதியவர் கண்ணுக்கு மூலத்தில் எல்லாம் சரியாக இருக்கும். படிப்பவர் பார்ப்பதோ ஒரு சொல் குறைந்த கமாண்ட். இன்னொரு தொல்லை இரட்டை ஹைஃபன். சில கருவிகள் அதை அச்சில் வருவதுபோல ஒரே கோடாக மாற்றிவிடும். அதைக் காப்பி செய்து ஒட்டினால் கமாண்ட் தட்டும் டெர்மினல் ஏற்காது, காரணமும் பார்வைக்குப் பிடிபடாது. கோட் பிளாக்குக்குள்ளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெர்மினல் வரியின் தொடக்கத்தில் நிற்கும் ப்ராம்ப்ட்டின் டாலர் குறியையும் கமாண்டின் வெளியீட்டையும் சேர்த்துப் போட்டால் அவையும் காப்பியாகிவிடும். வெளியீட்டைத் தனி பிளாக்கில் போடுங்கள்.

அட்டவணை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குரூபரின் மூல வடிவத்திலும் அது கிடையாது, மார்க்டவுன் விதிகளைத் துல்லியமாக வகுக்க 2014-இல் தொடங்கிய காமன்மார்க் வரையறையிலும் கிடையாது. கிட் ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் 2017-இல் வெளியிட்ட வரையறையில் இருக்கிறது. கட்டத்துக்குள் ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுத வேண்டியிருந்தால் அது அட்டவணைக்கான விஷயமே இல்லை. எந்த வகை மார்க்டவுனில் எழுதுகிறோம் என்பதைக் குழு முதல் நாளே முடிவு செய்து ரெப்போவில் எழுதிவைத்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

தமிழில் ஆவணம் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். திரையில் உள்ள ஒரு பொத்தானின் பெயரை மேற்கோள் குறியோடு தடித்த எழுத்தாக்கி, இடைவெளி விடாமல் 'ஐ' சேர்த்து **"அமைப்புகள்"**ஐ என்று எழுதிப் பாருங்கள். காமன்மார்க் விதிப்படி, முடிவில் வரும் நட்சத்திரங்களுக்கு முன்னால் நிறுத்தற்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அவை முடிவுக் குறியாகக் கொள்ளப்படுவதில்லை. நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் தெரியும். மேற்கோளை நீக்கி **அமைப்புகள்**ஐ என்று எழுதினால் சரியாக வரும். தடித்த எழுத்தே பொத்தானைக் காட்டிவிடுவதால் மேற்கோளுக்குத் தேவையும் இல்லை. அடிக்கோட்டுக் குறியோ சொல்லின் நடுவே வேலை செய்யாது, _அமைப்புகள்_ஐ என்பது சாய்வெழுத்தாக மாறாது. ஆகவே தமிழ் ஆவணங்களில் வலியுறுத்த நட்சத்திரம் மட்டுமே, அதற்குள் மேற்கோள் குறி வேண்டாம் என்று எங்கள் நடைக் கையேட்டில் சேர்த்திருக்கிறேன். புதிதாக எழுத வருபவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கொடுக்கிறோம்.