கால் எங்கே நிற்கிறது

மார்ச் 4
ஓர் இடத்தைப் புனிதமாக்குவது எது என்று சில நாட்களாக ஒரே யோசனை. கட்டடம் இல்லை, அது உறுதி. ஜப்பானின் இசே ஆலயத்தில் 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாக அதே கோயிலைப் புதிதாக எழுப்பி, தெய்வத்தை அங்கே குடியேற்றிவிட்டு, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக நடந்தது 2013இல். காலியான மனையில் கூழாங்கல் பரப்பியிருக்கும், நடுத்தூணுக்கான இடத்தில் மட்டும் ஒரு சின்ன மரக்கூடு. மரம் முழுக்கப் புதுசு, பக்தி அப்படியே.

மார்ச் 7
உலுரு. ஆஸ்திரேலியாவின் நடுவில் 348 மீட்டர் உயரச் செம்பாறை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் தாங்களும் ஏறுவதில்லை, வருகிறவர்களையும் ஏறாதீர்கள் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஏனென்றால் 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அவர்கள் கைக்குத் திரும்பி வந்த பிறகும் பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஏறியபடிதான் இருந்தார்கள். தடை வந்தது 2019இல், அதே அக்டோபர் 26. அப்புறம் சங்கிலியையும் கழற்றிவிட்டார்கள். ஏற முடிந்தும் ஏறாமல் இருப்பதில்தான் புனிதம் இருக்கிறது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 8
ஆனால் சிவனொளிபாதமலை? இலங்கையில் 2,243 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த உச்சிக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஏறுவதுதானே வழிபாடு! பாறையில் இருக்கும் பாதச்சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, இந்துக்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. கதைகள் ஒத்துப்போகாவிட்டாலும் எல்லோரும் ஏறுவது ஒரே படியில்தான். கைலாயத்திலோ உச்சியை விட்டுவிட்டுச் சுற்றி மட்டும் வருகிறார்கள். சரி, ஏறுவதா வேண்டாமா என்பதல்ல விஷயம். நம் கால் என்ன செய்யவேண்டும் என்பதை இடத்திடம் விட்டுவிடுகிறோம், நம் இஷ்டத்தை ஓரமாக வைக்கிறோம், அவ்வளவுதான்.

மார்ச் 12
ஒன்று உறுத்துகிறது. புனிதம் என்று சொல்லித்தான் எத்தனையோ பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள், பிறப்பைக் காட்டி, பெண் என்று காட்டி. அங்கே நிறுத்தியவர் தன் இஷ்டத்தில் எதையுமே விடவில்லை, அடுத்தவர் காலைத்தான் கட்டினார். உலுருவில் தடை கேட்டவர்கள் தாங்களே அதைக் காத்தவர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் ஒருபோதும் முடியாது.