கண்ணில் லென்ஸ், கண்ணைச் சுற்றி சன்ஸ்கிரீன்

போன ஏப்ரலில் ஒரு நாள் காலை, வேளச்சேரி சிக்னலில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றியதுமே இடது கண் சுருக்கென்றது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை, புருவம் வரை அப்பிக்கொண்டு வந்த சன்ஸ்கிரீனையும் இழுத்துக்கொண்டு நேராகக் கண்ணுக்குள் போயிருக்கிறது. வேறு யாராவது என்றால் பாட்டிலைத் திறந்து தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். எனக்கு மைனஸ் 5 பவர், கண்ணில் கான்டாக்ட் லென்ஸ். குடிக்கிற தண்ணீர் லென்ஸில் படக் கூடாது, கழற்றலாம் என்றால் கையெல்லாம் கிளவுஸ் வியர்வை, கழற்றினாலும் அடுத்த பத்தடி தெரியாது, பின்னால் பஸ்காரர் ஹார்னை விட்டு கையை எடுக்கவே இல்லை. ஒற்றைக் கண்ணால் ஓரம் கட்டி, கண்ணீரே அதைக் கழுவட்டும் என்று கால் மணி நேரம் நின்றேன்.

ஆபீஸ் போய் சோப்பு போட்டுக் கை கழுவி லென்ஸைக் கழற்றி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ரசத்தின் மேல் மிதக்கிற நெய் மாதிரி வட்டம் வட்டமாக ஒரு படலம். உள்ளங்கையில் வைத்து சொல்யூஷன் விட்டுத் தேய்த்தேன், போகவில்லை. மறுபடியும் தேய்த்தேன், கொஞ்சம் மங்கியதே தவிர போகவில்லை. பிரித்துப் 12 நாள்தான் ஆகியிருந்த மாத லென்ஸ், குப்பைக்குப் போனது. அன்று முழுக்க பையில் கிடந்த பழைய சோடாபுட்டிதான்.

இப்போது நிறைய பேர் போடுகிற சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ் காற்றை நன்றாக விடும், ஆனால் எண்ணெய்ப் பசை என்றால் அதற்கு ஒரு பாசம். முகத்தில் பூசுகிற கிரீமில் இருக்கும் எண்ணெயும் சிலிகானும் அதில் உட்கார்ந்துவிட்டால் எளிதில் எழுந்து போகாது. கண் கரிப்பதற்குக் காரணம் வேறு. சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுக்கிற அவோபென்சோன், ஆக்டினாக்சேட் மாதிரியான கெமிக்கல் ஃபில்டர்கள் கண்ணுக்குள் போனால் பலருக்கு நன்றாகவே எரியும். காலையில் தடவியது தடவிய இடத்திலேயே இருக்கும் என்று நினைக்கிறோம், வியர்வையும் முகத்து எண்ணெயும் அதை ஊர்கோலம் கூட்டிப் போவது மதியம்தான் தெரிகிறது.

அதற்காகக் கண்ணைச் சுற்றி ஒன்றும் போடாமல் விடுவதா? நானும் ஒரு மாதம் அப்படித்தான் விட்டேன். உடம்பிலேயே மெல்லிய தோல் கண் இமையில்தான், கருவளையமும் முதலில் அங்கேதான் வந்து உட்காருகிறது. 2017-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் யூவி, அதாவது புற ஊதாக் கதிர், கேமரா வைத்துப் பார்த்தபோது, சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டவர்கள் முகத்தில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கைத் தடவாமலே விட்டிருந்தார்கள், அதிலும் அதிகம் விட்டது இமையும் கண்ணின் உள்மூலையும். எரியும் என்ற பயத்தில் எல்லா ஊரிலும் கை அங்கே போய்த் தயங்குகிறது போல.

சரி, வாங்கப் போனேன். ‘ஐ கிரீம், எஸ்பிஎஃப் உள்ளது’ என்று, அதாவது வெயில் தடுப்பும் சேர்ந்தது என்று, 15 மில்லி டியூபை வைத்துக்கொண்டு நகைக்கடை விலை சொல்கிறார்கள். என் அபிப்பிராயம், அது தண்டச் செலவு. அட்டையில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் கிடைப்பது. கண்ணுக்குக் கீழே நாம் வைக்கும் புள்ளி அதில் பாதிகூடத் தேறாது. அப்புறம் அந்த டியூபில் பாதி நேரம் வாசனை, ரெட்டினால் என்று கண்ணுக்கு வம்பு இழுக்கிற சாமான் எல்லாம் இருக்கும். ஆய்வுக்கூடத்திலேயே எஸ்பிஎஃப் 30 தடுப்பது யூவி-பி கதிரில் 97 சதவீதம், 50 தடுப்பது 98, வித்தியாசம் அவ்வளவுதான். லென்ஸ்காரர்கள் எண்ணைப் பார்ப்பதைவிட, இது வழியுமா வழியாதா என்று பார்க்க வேண்டும்.

நான் தேடியது: ஃபில்டர் என்று போட்டிருக்கும் இடத்தில் ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு மட்டும். வாசனை கூடாது. குழைவான லோஷனைவிட மெழுகு மாதிரி கெட்டியான ஸ்டிக். இந்த மினரல் வகை என்றாலே நம் நிறத்துக்கு விபூதி பூசின மாதிரி இருக்கும், அதனால் டின்ட், அதாவது தோல் நிறச் சாயம், உள்ளதாக. டின்டில் இருக்கும் அயர்ன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும், கருவளையக்காரர்களுக்கு அது உபரி லாபம். மினரல் கண்ணுக்குள் போனால் ஒன்றுமே ஆகாது என்று நினைக்க வேண்டாம், எரிச்சல் குறைவு, அவ்வளவுதான். அதுவும் லென்ஸில் ஒட்டினால் மங்கலாகத்தான் தெரியும்.

வாங்கினதும் லென்ஸோடு பரீட்சை செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்டிக்கைத் தடவி, மொட்டைமாடியில் ஒரு பக்கெட் துணி காயப்போட்டேன். பெட்ஷீட் பிழிந்து முடிப்பதற்குள் வியர்வை கண்ணுக்கு வந்துவிட்டது. முதல் ஸ்டிக் அங்கேயே தோற்றது, அது இப்போது அம்மாவின் கழுத்துக்கும் கைக்கும். இரண்டாவது பாஸ்.

காலையில் முதலில் லென்ஸ், அதற்கப்புறம்தான் ஸ்டிக், கை சுத்தமாக இருக்கும்போதே லென்ஸ் உள்ளே போய்விட வேண்டும். ஸ்டிக்கை நேராகக் கண்ணுக்குக் கீழே இழுக்காமல், மோதிர விரலில் எடுத்து எலும்பு தட்டுப்படுகிற வளையத்தில் ஒற்றுகிறேன், இமை முடிக்குப் பக்கம் போவதே இல்லை. மேல் இமையிலும் இப்போது வைப்பதில்லை, அதைக் கூலிங் கிளாஸ் பார்த்துக்கொள்ளட்டும். நெற்றிக்கும் அதே ஸ்டிக்தான், வழிவதே அங்கிருந்துதானே. ராத்திரி லென்ஸைக் கழற்றின பிறகே முகம் கழுவல்.

‘என் லென்ஸிலேயே யூவி தடுப்பு இருக்கே’ என்று தோழி கேட்டாள். இருக்கிறது, யூவி தடுப்பில் முதல் தரமான கிளாஸ் 1 லென்ஸ் என்றால் யூவி-ஏ 90 சதவீதம், யூவி-பி 99 சதவீதம் தடுக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் லென்ஸ் மூடுவது கருவிழியையும் அதைச் சுற்றிக் கொஞ்சமும். வெள்ளைவிழியின் மிச்சமும் இமையும் வெயிலில்தான் நிற்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு எரிந்தால் கசக்காதீர்கள், கை கழுவி, லென்ஸைக் கழற்றி, அதற்கப்புறம் நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கண்ணைக் கழுவுங்கள். சிவப்போ வலியோ குறையவில்லை என்றால் கண் டாக்டர்தான். அந்த லென்ஸை அன்றைக்கே திரும்பப் போடும் ஆசை வேண்டாம், இப்போதெல்லாம் பையில் கண்ணாடியும் டப்பாவும் இல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

ஸ்டிக்கை மட்டும் வண்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். மே மாதம் ஆபீஸ் பார்க்கிங்கில் நின்ற என் டிக்கியைத் திறந்தபோது இன்சூரன்ஸ் பேப்பர் முழுக்கப் பழுப்பு நிறத்தில் டின்ட்.