ஆறாவது பைப்பர்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

ஊரின் பழைய பேக்பைப் பேண்டை மறுபடி ஆரம்பிக்கும் கூட்டத்துக்கு 11 பேர் வந்தார்கள்! ஐந்து பேர் வந்தால் அதிகம் என்று நினைத்து ஐந்து நாற்காலிதான் விரித்திருந்தேன். ஹாலில் ஹீட்டர் சூடாக அரைமணி நேரம் ஆனது, யாரும் கோட்டைக் கழற்றவில்லை. பைக்குள் காற்றடைத்து ஊதும் அந்த பைப்பை வைத்திருப்பவர்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் பெட்டியைத் திறந்தே 20 வருடம் ஆகிறதாம். மூத்த பைப்பரான பெரியவர் ஒரே விஷயம்தான் சொன்னார். ஜூன் 14 கேலா என்னும் ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் வேற்றூர் பேண்டைக் கூலிக்கு அமர்த்தாமல் நம் ஊர் பேண்டே முன்னால் நடக்க வேண்டும், அதற்குக் குறைந்தது ஆறு பைப்பர் வேண்டும். என்னைப் பார்த்தார். "உன்னோடு ஐந்து" என்றார். நான் பைப்பைத் தோளில் ஏற்றி மூன்று மாதம்தான் ஆகிறது.

அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்தின் இந்த ஃபைஃப் பக்கம் சுரங்கத்துக்காரர்களே பேண்ட் வைத்து வாசித்த காலம் அது. 1947இல் உலக சாம்பியன் பட்டம் வாங்கியது பௌஹில் சுரங்கத்துப் பேண்ட். அதைச் சொல்லும்போது பெரியவர் குரல் இறங்கிவிட்டது. சுரங்கமும் இல்லை, அந்த ஆட்களும் இல்லை.

பிப்ரவரி 7

ஆறாவது ஆள் யார்?

பிப்ரவரி 15

அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "உன் தாத்தா ஒத்து ஊதினவர்டி, உனக்கு வராம யாருக்கு வரும்" என்றாள். போனை வைத்த பிறகும் அதேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நாகஸ்வரக்காரர் ராகம் வாசித்துக்கொண்டு போவார், தவில் அதிரும், தாத்தா ஓரமாக நின்று ஒரே ஸ்வரத்தை விடிய விடியப் பிடித்துக்கொண்டிருப்பார். கன்னம் உப்பி, கண் எங்கோ பார்க்கும். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் வராது. சுருதிப் பெட்டி வந்ததும் அவருக்கு வேலை போனது.

இங்கே ஒரே ஆளின் தோளில் மூன்று ஒத்து. இரண்டு டெனர் ட்ரோன், ஒரு பேஸ் ட்ரோன். தாத்தா கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டு மூச்சு இழுத்தது போல, இங்கே பை காற்றை வைத்துக்கொள்கிறது. முழங்கையால் அழுத்தும் அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், கொஞ்சம் தளர்ந்தாலும் சுருதி ஆடும். எனக்கு ஆடுகிறது. இன்றும் ஆடியது.

பிப்ரவரி 20

சாண்டரில், அதாவது விரல் வைத்து வாசிக்கும் குழலில், ஒன்பதே ஸ்வரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ச ரி க ம ப த நி ச, கீழே ஒரு நி. சுத்தமான ஹரிகாம்போதி! பெரியவருக்குப் பாடிக் காட்டினேன், இன்னொரு தரம் பாடு என்றார். பதிலுக்கு அவர் பாடியது கௌன்ட்டராக். பீப்ராக் என்னும் பழைய பைப் இசையைத் தாள் இல்லாமல் வாயாலேயே சொல்லிக் கொடுத்த முறை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கமகத்துக்கும் ஒரு சொல் உண்டு. தவில்காரர் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் சொற்கட்டு சொல்லும் சத்தம் எனக்குக் கேட்டது. பேண்டில் கற்கும் பிள்ளைகளுக்கும் விரலுக்கு முன்னால் வாய்தான் என்று முடிவு செய்தோம். ஆறு மாதத்துக்கு அவர்களுக்கு வெறும் பயிற்சி சாண்டர்தான், பைப்பைத் தொடக்கூடாது. ஒரு பையன் அழுதேவிட்டான்.

மார்ச் 2

பேண்ட் பெயரில் வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை. ஒரே ஆவணத்தை மூன்றாவது தரம் கேட்கிறார்கள். கணக்கு இல்லாமல் லாட்டரிப் பணத்திலிருந்து தரும் உதவி நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது, நிதி இல்லாமல் சைடு டிரம் கிடையாது, டிரம் இல்லாமல் மகள் சமையல் மேடையை அடித்துக்கொண்டிருக்கிறாள். ஏப்ரல் 1 முதல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு பிவிஜி என்னும் பின்னணிச் சரிபார்ப்புப் பதிவு சட்டப்படி கட்டாயம், அந்தப் படிவம் வேறு. இரவு 1 மணி வரை தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். இதற்காகவா ஆரம்பித்தோம்?

மார்ச் 6

ஹால் பரணில், கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்குப் பின்னால், பழைய பேண்டின் பேஸ் டிரம்! பேக்கரிக்காரர் ஏணியில் நின்று இறக்கினார். தோல் நடுவில் கிழிந்திருந்தது. சட்டத்தில் ஊர்ப் பெயர், பாதி எழுத்து உதிர்ந்து பாதி தங்க நிறத்தில். பெரியவர் கையால் தூசியைத் துடைத்தார், எழுத்தின் மேல் மட்டும் கை படாமல் சுற்றித் துடைத்தார். பிறகு இருமல் வந்துவிட்டது. தூசிதான் என்றார்.

மார்ச் 13

இன்று தூசி இல்லை. இருமல் இருக்கிறது.

மார்ச் 14, விடிகாலை

தூக்கம் இல்லை. படித்திருக்கக் கூடாது. 2016இல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி: தினமும் பைப் ஊதிய 61 வயதுக்காரர், பைக்குள் வளர்ந்த பூஞ்சையால் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். இடையில் மூன்று மாதம் ஆஸ்திரேலியா போனபோது பைப்பை எடுத்துப் போகவில்லை, அப்போது மட்டும் மூச்சு சரியாகியிருக்கிறது. பெரியவர் பை தோல் பை. எத்தனை வருடப் பை? யாரிடம் கேட்பது? அவரிடமே எப்படிக் கேட்பது?

என் பையைக் கழற்றிக் காயப்போட்டேன். மகளின் சாண்டரையும் கழுவிவிட்டேன்.

மார்ச் 20

கேட்கவில்லை.

மார்ச் 27

கில்ட், பேண்ட்காரர்கள் கட்டும் கம்பளிப் பாவாடை. கையால் தைத்த புதியது ஒன்று 400, 500 பவுண்டுக்குக் குறையாது. எட்டு கஜம் கம்பளி, அம்மாவின் புடவையை விட இரண்டு கஜம் கூடுதல். கலைந்துபோன ஒரு பேண்ட் ஒன்பது கில்டைக் கொடுக்க முன்வந்திருக்கிறது. அதன் டார்ட்டன், அந்தக் கட்டம் போட்ட நெசவு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று இரண்டு பேருக்கு மனசு ஒப்பவில்லை. எனக்கு ஒப்புகிறது. கொக்கியை நகர்த்தித் தைத்தால் போதும்.

ஏப்ரல் 17

ஆறாவது பைப்பர் வந்துவிட்டார்! லாரி ஓட்டுகிறார், 16 வயதில் விட்டது, விரல் மறக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளும் நானும் பாடிக்கொண்டே வந்தோம்.

ஏப்ரல் 24

ஆறு பைப்பும் ஒன்றாக, முதல் தரம். தாளில் ஏ என்று எழுதியிருக்கும் ஸ்வரம் காதில் பி ஃப்ளாட்டுக்கும் மேலே நிற்கிறது, ஊத ஊத, சீவாளி மாதிரியான ரீட் சூடாகி இன்னும் ஏறுகிறது. பெரியவர் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று ட்ரோனைத் திருகினார். என் பேஸ் ட்ரோனின் இணைப்பு வழுக்கியது. சட்டைப் பையிலிருந்து மெழுகுத் தடவிய சணல் நூலை எடுத்து, பல்லால் கடித்து, ஒவ்வொரு சுற்றாக இறுக்கிச் சுற்றினார். நகத்தால் அழுத்திவிட்டுத் திரும்பப் பொருத்தினார். இப்போது ஊது என்றார். இரண்டு சுருதியும் உரசி வ்வா, வ்வா என்று அலை அடித்தது. திருகத் திருக அலை நீண்டுகொண்டே போனது, பிறகு இல்லை. அப்படியே நின்றுவிட்டது. காலடித் தரை அதிர்ந்தது. தாத்தா இதைத்தான் விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தாரா?

பெரியவர் மட்டும் இன்று ஊதவில்லை, ஆறு என்று எண்ணியதில் அவர் பைப்பை லாரிக்காரரின் தம்பிதான் வாங்கி ஊதினார்.

மே 1

பெரியவர் வரவில்லை. ஸ்கேன் எடுத்திருக்கிறார்களாம்.

மே 8

வரவில்லை. ஒன்றாக ஆரம்பிப்பதற்கு நாங்களே பயிற்சி எடுத்தோம். டிரம் இரண்டு தரம் உருட்டும். அதற்குள் பையை அடித்து ட்ரோனை எழுப்பி, எல்லோரும் ஒன்றாகப் பஞ்சமத்தில் வந்து நிற்க வேண்டும். ஒருவருக்குக்கூடச் சேரவில்லை. இருபது தரம் செய்தோம். கடைசியில் எல்லோருக்கும் கோபம்.

மே 18

அவர் வீட்டுக்குப் போனேன், ரசம் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டேன், ஒருவழியாக. என்ன என்று இன்னும் தெரியாது, முடிவு வரவேண்டும் என்றார். ஊத வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பை மேஜைமேல் கிடந்தது, காற்று இல்லாமல். அதை எடுத்துப் போய்விடு, கண்ணில் பட்டால் கை போகிறது என்றார்.

காரில் பின்சீட்டில் பெல்ட் போட்டு எடுத்து வந்தேன்.

மே 29

லாரிக்காரரின் தம்பிக்கு வேறு பை மாட்டியாகிவிட்டது. மறுபடி ஆறு. பஞ்சமத்தில் சேர்ந்து நின்றோம், மூன்று தரம்!

ஜூன் 5

வங்கிக் கணக்கு திறந்துவிட்டது. சந்தோஷப்படக்கூட நேரம் இல்லை.

ஜூன் 12

நாளை மறுநாள். ஊதாவிட்டாலும் முன்னால் நடப்பேன் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். முடிவு நாளைக்கு வருகிறதாம்.

ஜூன் 13

ஃபோன் எடுக்கவில்லை.

ஜூன் 14, காலை 10.40

காற்று, லேசான தூறல். கார் நிறுத்துமிடத்தில் வட்டமாக நிற்கிறோம். பேஸ் டிரம்மின் உதிர்ந்த எழுத்தையெல்லாம் பேக்கரிக்காரர் மனைவி எழுதி முடித்துவிட்டார். மகள் டிரம்மை மாட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். குளிரில் ட்ரோன் இறங்குகிறது, திருக ஆள் இல்லை, நானே ஒவ்வொருவர் பின்னாலும் போய்த் திருகினேன். அலை நின்றது. ஐந்து பேருக்கு நின்றது. என்னுடையதை யார்

சாம்பல் நிறக் கார் ஒன்று திரும்புகிறது