குழந்தைகள் நலக் குழுவிடமிருந்து பிள்ளைகளை அழைத்து வந்த அனுபவம்

என் அண்ணன் மகனுக்கு அப்போது வயது 16. அவனும் அவனைவிட ஒரு வயது இளைய நண்பன் ஒருவனும், வட மாநிலம் ஒன்றில் நடந்த கைப்பந்துப் பயிற்சி முகாமுக்குச் செல்லும் வழியில், ஆந்திராவின் பெரிய ரயில் சந்திப்பு ஒன்றில் இரவு நேரத்தில் இறக்கப்பட்டார்கள். இருவரிடமும் முன்பதிவுச் சீட்டு இருந்தது. இரு வீட்டாரும் வழியனுப்பித்தான் ரயில் ஏறியிருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் பெரியவர் துணையின்றி ரயிலில் செல்லக் கூடாது என்று சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. பிறகு எந்த உரிமையில் இறக்கினார்கள் என்று அண்ணன் தொலைபேசியில் கொதித்தார்.

காரணம் மறுநாள்தான் முழுதாகத் தெரிந்தது. வழியில் ஏறிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எங்கள் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறான். பசிக்கிறது என்றவனுக்கு இவர்கள் சாப்பாட்டைப் பகிர்ந்திருக்கிறார்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினர் விசாரித்தபோது, சீட்டு இல்லாத அந்தச் சிறுவன் இவர்களைத் தன் அண்ணன்கள் என்று சொல்லிவிட்டான்; இவர்களோ அவன் பெயர்கூடத் தெரியாது என்றார்கள். நள்ளிரவில், பெரியவர் யாரும் இல்லாமல், ஒன்றுக்கொன்று பொருந்தாத பதில் சொல்லும் மூன்று பிள்ளைகளைப் பார்த்தால் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்களோ, யாராலோ கடத்தப்படுகிறவர்களோ என்று ஐயுறுவதுதான் அவர்களுடைய வேலை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் இறக்கியிருப்பேன்.

நிலையத்திலுள்ள குழந்தைகள் உதவி மையம் பெயர், ஊர் விவரங்களைப் பதிந்துகொண்டு, இரவுக்கு அவர்களை ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இப்படிக் கண்டெடுக்கப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் குழுவின் உத்தரவு இல்லாமல் யாரும், காவல்துறை உட்பட, பிள்ளையை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. இது விளங்கியிருந்தால், உதவி மையத்துப் பெண்ணிடம் அண்ணன் அவ்வளவு நேரம் சத்தம் போட்டிருக்க மாட்டார்.

நான் சென்னையில் இருப்பதால் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். சித்தப்பா என்று சொன்னதும் விட்டுவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். என்னுடைய ஆதார் அட்டையைப் பார்த்த அலுவலர், அதில் அந்தப் பையனுக்கும் எனக்கும் உள்ள உறவைக் காட்ட எதுவும் இல்லை என்று பணிவாகவே சொன்னார். சித்தப்பா, மாமா என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே சித்தப்பாக்களும் மாமாக்களுமாக இருப்பதில்லை என்பது அவர்களுடைய அன்றாட அனுபவம். பெற்றோர் அசல் சான்றுகளுடன் வர வேண்டும் என்றார்கள். வயதுக்கு அவர்கள் கேட்டது ஆதாரை அல்ல. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அவை இல்லையேல் உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்று என்பதே சட்டத்தின் 94-ஆவது பிரிவு சொல்லும் வரிசை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை என்று அண்ணனிடம் சொல்லி, இரு வீட்டாரையும் அசல்களோடு புறப்பட்டு வரச் செய்தேன்.

குழுவின் அறை நீதிமன்றம் போல் இருக்கும் என்று அஞ்சியிருந்த அண்ணி, உள்ளே ஒரு நீள மேசையையும் அதைச் சுற்றி ஒரே உயரத்தில் போடப்பட்ட நாற்காலிகளையும் கண்டு சற்றே நிம்மதி அடைந்தார். மேடை கிடையாது, கூண்டு கிடையாது, சீருடை அணிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உரிய அதிகாரம் உண்டு. முதலில் எங்களை வெளியே அமர்த்திவிட்டுப் பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசினார்கள். தமிழ் தெரிந்த ஆற்றுப்படுத்துநர் ஒருவர் மொழிபெயர்த்தார். சீட்டு எடுத்தது யார், போகும் இடத்தில் அழைத்துச் செல்ல வருபவர் யார், வீட்டில் யாரேனும் அடிப்பார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகிறாயா என்ற கேள்விக்கு எங்கள் பையன், "வீட்டுக்கு வேண்டாம், முகாமுக்குப் போகணும்" என்றிருக்கிறான். அவனுக்கு அது இயல்பான பதில். வீட்டுக்குப் போக மறுக்கும் பிள்ளை என்ற கோணத்தில் அது பதிவாக, விசாரணை நீண்டது. அண்ணனையும் அண்ணியையும் தனித்தனியே அழைத்துக் குடும்பச் சூழலைத் துருவித் துருவிக் கேட்டார்கள். அண்ணனுக்கு அது அவமானமாகப் பட்டது. பிள்ளையின் வாய்ச்சொல்லுக்குப் பெரியவர்களின் விளக்கத்தைவிட மதிப்புத் தரும் ஓர் இடம் இருப்பது நல்லது என்றே எனக்குத் தோன்றியது.

எங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விவரம் அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேரில் சென்று அறிக்கை தந்தார். அறிக்கை வந்த பிறகும் உடனே உத்தரவு கிடைக்கவில்லை. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழுவில் இறுதி முடிவுக்குக் குறைந்தது மூவர் இருந்தாக வேண்டும். அன்று பிற்பகல் இருவர்தான் இருந்தார்கள். இதனால் பிள்ளைகள் இன்னும் ஓர் இரவு இல்லத்திலேயே தங்க நேர்ந்தது. சாப்பாட்டுக்கோ படுக்கைக்கோ குறையில்லை என்றாலும், கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு முதல் இரவு முழுவதும் தாயிடம் ஒரு வார்த்தை பேசவிடாததை என்னால் ஏற்க முடியவில்லை. அதை எழுத்து மூலமாகவே குழுவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் பெற்றோர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். பிள்ளையின் நலனையும் படிப்பையும் கவனித்துக்கொள்வது, குழு அழைக்கும்போது அவனை முன்னிறுத்துவது ஆகியவை அதன் சாரம். கட்டணம் எதுவும் இல்லை, வழக்கறிஞரும் தேவைப்படவில்லை. கிளம்பும்போது எங்கள் பையன் அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கேட்டான். குழந்தையின் அடையாளத்தையோ விவரத்தையோ வெளியிட 74-ஆவது பிரிவு இடம் தராததால், அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அவர்கள் சொல்லவில்லை.

இப்போது பயணம் என்றால் அவன் பையில் மூன்று தாள்கள் இருக்கின்றன: புகைப்படத்தோடு கூடிய பள்ளிச் சான்று, பிறப்புச் சான்றின் நகல், அனுப்புகிறவர் பெயரும் அங்கே அழைத்துக்கொள்கிறவர் பெயரும் இருவரின் தொலைபேசி எண்களும் எழுதிப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம். கடிதம் இருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதில்லை. நிறுத்தினாலும் அதிலுள்ள எண்ணை அழைத்து அங்கேயே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கும். கைபேசி அணைந்துபோனால் உதவும் என்று அம்மாவின் எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்திருக்கிறான். அடுத்த முகாமுக்குத் தானும் உடன் வருவதாக அண்ணன் சொன்னார். பையன் ஒப்புக்கொள்ளவில்லை, நண்பனோடுதான் போய்வந்தான்.