சாட்டைச் சத்தம் எட்டாத வீடு

இங்கிலாந்தின் துறைமுக நகரான பிரிஸ்டலில் பார்க் ஸ்ட்ரீட் மேட்டில் மூச்சு வாங்க ஏறி, பாதியில் திரும்பினால் கிரேட் ஜார்ஜ் ஸ்ட்ரீட். ஏழாம் எண் வீடு 1790 வாக்கில் ஜான் பின்னி என்பவருக்காகக் கட்டியது. இப்போது அருங்காட்சியகம். பின்னிக்குக் கரீபியனில், நீவிஸ் தீவில் கரும்புத் தோட்டம். அங்கே அடிமைகள் வெட்டிக் காய்ச்சிய சீனிதான் இந்த வீட்டுக்கு முதல்.

வீடு அழகு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். உயரமான ஜன்னல்கள், அளவாக வேலைப்பாடு. பகட்டே கிடையாது. அடித்தளத்தில் குளிர்நீரில் முங்கி எழ ஒரு கல்தொட்டிகூட இருக்கிறது.

அந்தக் காலத்தில் சீனி கூம்புக் கட்டியாக வரும். நம் பாக்குவெட்டி மாதிரி ஒன்றால் நறுக்கிக் கிண்ணத்தில் வைப்பார்கள். அதைச் சின்ன இடுக்கியால் எடுத்துத் தேநீரில் போடுகிற பாங்கிலேயே ஒருவரின் நாகரிகத்தை எடைபோட்டார்கள். மேசைக்கான மஹோகனி மரத்தை ஜமைக்காக் காடுகளில் வெட்டிச் சாய்த்ததும் அடிமைகள்தான்.

நீவிஸுக்குப் போன புதிதில், மனிதர்களை விற்பனைக்கு நிறுத்தியிருந்ததைக் கண்டு அதிர்ந்தேன் என்று எழுதியவர் இதே பின்னி. கையோடு, நமக்குப் பயன்படத்தானே கடவுள் இவர்களைப் படைத்தார் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பின்னாளில் விருந்தினர் சிலர் தோட்டத்துக்குப் போகவிருந்தபோது மேலாளருக்குக் கடிதம் போட்டார்: அவர்கள் எதிரே யாரையும் அடிக்காதே, சாட்டைச் சத்தம் காதில் விழும் தூரத்திலும் வேண்டாம்.

இதை நினைத்துக்கொண்டுதான் அறை அறையாக நடந்தேன். துன்பம் கண்டால் பதறுகிற மென்மனம்தான் அன்று பெரியமனிதத் தன்மைக்கு அடையாளம். அந்த மென்மனம் நோகாதபடி, அடி விழும் இடத்தை 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பெரோ இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார். 1765இல், 12 வயதில், இரண்டு தங்கைகளோடு பின்னி விலைக்கு வாங்கிய பையன். சவரம் செய்யவும் பல் பிடுங்கவும் பழகியவர். எஜமானோடு பிரிஸ்டல் வந்து, 1798இல் இறந்தார். விருந்தாளிகள் பார்த்த பின்னியின் மழமழப்பான முகம் இவர் கைவேலை.

மாலையில் துறைமுகத்துக்கு இறங்கினேன். 1999இல் திறந்த நடைபாலத்துக்குப் பெரோவின் பெயர். கம்பிகளில் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். இந்தப் பெயருள்ள பாலத்தில் பூட்டுகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.