நியூட்ரல் வராத சுவிட்ச் பலகை

புதுச்சேரியின் பழைய வீடுகளில் ஒயரிங் வேலை பார்க்கிறவர்களுக்கு இப்போது வரும் அழைப்புகளில் பல, "சுவிட்ச் வாங்கியாயிற்று, வந்து மாட்டிக் கொடுத்தால் போதும்" என்ற வகையில் இருக்கின்றன. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ இணையத்தில் பணம் கட்டி, கைப்பேசியில் இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச்சை வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரை மணி நேர வேலை என்பது அவர்கள் எண்ணம். சுவருக்குள் குழாய் பதித்துக் கட்டிய புதிய அடுக்ககங்களில் அது பெரும்பாலும் உண்மைதான். முத்தியால்பேட்டையிலோ வைசியாள் வீதியை ஒட்டிய தெருக்களிலோ முற்றம் வைத்துக் கட்டிய வீடாக இருந்தால், பலகையைக் கழற்றிப் பார்க்காமல் கூலி சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

சாதாரண சுவிட்ச் இயங்குவதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்சாரம் வரும் பேஸ் கம்பியை வெட்டி, இரு முனைகளையும் அதில் முடுக்கினால் அதன் வேலை தீர்ந்தது. ஸ்மார்ட் சுவிட்ச்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் வைஃபை சைகைக்காகக் காத்திருக்க வேண்டியது. அதற்குள் இருக்கும் சிறிய மின்னணுப் பலகைக்கு இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். ஆகவே பேஸுடன், மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் அதற்கு வந்தாக வேண்டும். பழைய வீடுகளில் ஒயரிங் செய்தவர்களுக்கு இப்படி ஒரு தேவை வரும் என்று நினைக்கக் காரணமே இல்லை. அவர்கள் நியூட்ரலை நேராக மேலே, விளக்கு தொங்கும் இணைப்பான சீலிங் ரோஸுக்குக் கொண்டுபோனார்கள். சுவிட்ச்சுக்குப் பேஸ் ஒன்றை இறக்கி, அங்கிருந்து விளக்குக்கு இன்னொன்றை ஏற்றினார்கள். கம்பியும் மிச்சம், வேலையும் சுத்தம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஐந்து ஆம்பியர் பிளக் வைத்த பலகைகளில் மட்டும் அந்தப் பிளக்குக்காக நியூட்ரல் வந்திருக்கும். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் தேடுவது பலகையில் பிளக் இருக்கிறதா என்பதைத்தான்.

நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்ச்சுகளும் கடைகளில் உண்டு. அவை தமக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. அறுபது வாட் குண்டு பல்பு எரிந்த காலமாக இருந்தால், இழையின் வழியே அது கசிந்து போவது யாருக்கும் தெரிந்திருக்காது. இன்று மாட்டியிருப்பது ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு. அதற்குள் இருக்கும் கெபாசிட்டரில் அந்தக் கசிவு மெல்லச் சேர்ந்து, நிரம்பியதும் பல்பு ஒருமுறை மின்னி அணையும். சில பல்புகள் இரவெல்லாம் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு பைபாஸ் கெபாசிட்டரை இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பதினான்கு அடி உயரத்தில், மர உத்தரத்துக்குக் கீழே தொங்கும் விளக்கில் ஏணி போட்டு ஏறி அதை இணைப்பதற்கும் ஒரு நியூட்ரல் கம்பியை இழுப்பதற்கும் உழைப்பில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், நான் அந்த வகையை எளிதில் பரிந்துரைப்பதில்லை.

அண்மையில் பார்த்த ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். முழங்கால் வலி. இரவில் எழுந்தால் கூடத்தைத் தாண்டி இருட்டிலேயே நடந்து, பின்கட்டு நடைவழியின் கோடியில் உள்ள சுவிட்ச்சைத் தேட வேண்டியிருந்தது. கட்டிலில் இருந்தபடியே அந்த விளக்கைப் போடுவதற்காக மகன் அனுப்பியிருந்தது, பழைய சுவிட்ச்சை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்புறம் பொருத்தும் மாட்யூல் வகை. இதுதான் நல்ல தேர்வு என்பது என் கருத்து; நெட் இல்லாவிட்டாலும், கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டாலும் சுவரில் இருக்கும் சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும்.

மெயினை இறக்கிவிட்டுப் பலகையைக் கழற்றினேன். தேக்குப் பெட்டி, கறுப்புக் குமிழ் சுவிட்ச். கடற்காற்றில் பித்தளை முனைகள் பச்சை பூத்திருந்தன. துணி சுற்றிய ரப்பர் கம்பிகள் இரண்டு. விரலால் வளைத்தபோது ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவற்றோடு, பிற்காலத்தில் யாரோ இழுத்துவிட்ட பிளாஸ்டிக் உறைக் கம்பிகள் இரண்டு, ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை, எதிலும் இணைக்காமல் நுனியில் டேப் சுற்றியபடி கிடந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பின், இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் நனைந்த பகுதியை மட்டும் மாற்றி ஒட்டுப்போட்டு ஒயரிங் செய்தார்கள்; இதுவும் அந்த வகையாக இருக்கலாம். ஒரு வசதியையும் சொல்ல வேண்டும்: மாடுலர் சுவிட்ச்சுக்கான இரும்புப் பெட்டியைவிட இந்த மரப்பெட்டியில் மாட்யூல் வைக்க இடம் தாராளமாக இருக்கிறது, வைஃபை சைகையையும் மரம் தடுப்பதில்லை.

கறுப்புக் கம்பிதான் நியூட்ரல் என்று எடுத்துக்கொண்டு முடுக்கிவிடலாம். ஆனால் பழைய வீட்டில் நிறத்தை நம்பி வேலை செய்யக் கூடாது. மெயினை ஏற்றி, நியான் டெஸ்டரை வைத்தால் கறுப்பில் ஒளி இல்லை; பேஸுக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டர் 230 வோல்ட் அருகே காட்டியது. இதுவும் போதாது, ஏனென்றால் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் மீட்டர் ஏறக்குறைய அதையேதான் காட்டும். எங்கும் இணையாத கம்பிகூட, பக்கத்தில் ஓடும் கம்பியின் தூண்டலால் டெஸ்டரை மங்கலாக எரிய வைக்கும். நூறு வாட் குண்டு பல்பில் இரண்டு ஒயர் கோத்த டெஸ்ட் லேம்ப் இன்னும் என் பையில் இருப்பது இதற்காகத்தான். கறுப்பில் விளக்கு முழு வெளிச்சத்துடன் எரிந்தது. பிறகு மெயினை இறக்கி, மெயின் போர்டில் வீட்டு நியூட்ரல்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க்கிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இந்தக் கறுப்போடு தொடர்பு பார்த்தேன். எதனோடும் தொடர்பு இல்லை. டெஸ்ட் லேம்ப்பை முழு வெளிச்சத்துடன் எரிய வைத்த அந்த நியூட்ரல், இந்த வீட்டு மீட்டருக்கு உரியதே அல்ல.

வீடு இரண்டு பங்காகப் பிரிந்த வீடு. அண்ணன் பங்கு, தம்பி பங்கு என்று நடுவில் சுவர் எழுப்பி, மீட்டரும் தனித்தனியாக வாங்கியிருந்தார்கள். ஆட்கள் பிரிந்தார்கள், கம்பிகள் முழுதாகப் பிரியவில்லை. அந்தக் கறுப்பு, சுவருக்கு அப்பால் இருக்கும் பங்கின் நியூட்ரல். இதில் மாட்யூலை இணைத்தால் அது அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்யும். சிக்கல் பின்னால் வரும். ஒரு மீட்டரின் பேஸில் போன மின்னோட்டம் இன்னொரு மீட்டரின் நியூட்ரலில் திரும்பும். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தால், போனதும் வந்ததும் சமமாக இல்லையென்று கண்டு, கசிவு அந்த அளவை நெருங்கும்போது அது தட்டிவிடும். அதைவிட மோசமானது, அடுத்த வீட்டில் ஒருவர் தம் மெயினை இறக்கிவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பிக் கைவைக்கும் நியூட்ரலில் நம் வீட்டுப் பேஸ் மாட்யூல் வழியாக வந்து நிற்பது.

இதை எளிய சொற்களில் அந்த அம்மாவிடம் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்தப் பச்சைக் கம்பி சும்மாத்தானே இருக்கு, அதுல குடுத்தா என்ன? முன்னாடி வந்து பார்த்த பையன் அப்படித்தான் சொன்னான்" என்றார்.

இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பச்சை என்பது எர்த் கம்பியின் நிறம். மாட்யூல் எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான் என்பதால் எர்த்தில் கொடுத்தாலும் அது இயங்கும். இயங்குவதுதான் இதில் உள்ள ஆபத்து. எர்த் கம்பி அவசரத்துக்கு மட்டும் மின்னோட்டம் சுமக்க வேண்டிய கம்பி. தோட்டத்து எர்த் குழியில் உப்பு அரித்து இணைப்பு விட்டுப்போனால், பிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் என்று அந்த எர்த்தில் சேர்ந்திருக்கும் எல்லாவற்றின் உடலுக்கும் மாட்யூல் வழியாகப் பேஸ் எட்டிப்பார்க்கும். "பிரிட்ஜைத் தொட்டா சுருக்குனு இருக்கும்மா, அப்ப யாருக்கும் இந்த சுவிட்ச் ஞாபகம் வராது" என்றேன். அவர் அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

ஆக, மெயின் போர்டிலிருந்து அதே சர்க்யூட்டின் நியூட்ரலைப் புதிதாக இழுப்பது என்று முடிவாயிற்று. சுண்ணாம்புக் காரைச் சுவரில் காடி வெட்டினால் கோட்டோடு நிற்காமல் பக்கத்துப் பூச்சும் பெயர்ந்து வரும். மேலே மரக்கட்டை வைத்துச் செங்கல் அடுக்கிய தளம், அதில் குழாய் பதிக்க வழியே இல்லை. வாசற்கால் உயரத்துக்கு மேலே கம்பியை மூடிக் கொண்டுபோகும் பி.வி.சி. பட்டையான கேசிங் கேப்பிங் ஓட்டி, உதிர்ந்துபோன பழைய பேஸ் கம்பிகளையும் அதிலேயே செம்புக் கம்பியாக மாற்றினோம். பழைய கம்பியை அப்படியே விட்டுவிட்டு அதன் நுனியில் புதிய மாட்யூலை முடுக்குவதில் அர்த்தமில்லை. பயன்படாத கறுப்பையும் பச்சையையும் இரு பக்கமும் துண்டித்துவிட்டேன். அடுத்த பங்கில் இருப்பவரிடம் சொல்லி, அவர் மெயினை இறக்கிய பிறகுதான் அதைச் செய்ய முடிந்தது. இரு வீட்டாரும் நல்ல பேச்சுவார்த்தையில் இருந்தது என் அதிர்ஷ்டம். எல்லாப் பங்கு வீடுகளிலும் இது நடக்காது.

பொருத்திய பின் அமைப்பில் மாற்ற வேண்டியது ஒன்றுதான். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது விளக்கு தானாக எரியும்படி மாட்யூலில் வைத்திருந்தார்கள். நடு இரவில் விளக்கு எரிந்து அவர் தூக்கம் கெடாதபடி, அணைந்தே இருக்குமாறு மாற்றிக் கொடுத்தேன். ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்த பிளக்குக்கு மாற்றினேன். இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பிய பின்னும், ரூட்டர் மறுபடி கிளம்பும் வரை கைப்பேசிக்கு இந்த விளக்கு அகப்படாது.

மகன் இன்னும் சில மாட்யூல்கள் அனுப்பியிருந்தார். கூடத்துப் பலகையில் பிளக் இருந்ததால், அதன் நியூட்ரல் இந்த வீட்டு லிங்க்கிலிருந்துதான் வருகிறது என்று சோதித்துவிட்டு ஒன்றைப் பொருத்தினேன். மேலிருந்தும் கீழிருந்தும் இயக்கும் மாடிப்படியின் டூ-வே சுவிட்ச்சைத் தொடவில்லை. அதில் இரு பக்கமும் கம்பி மாற்றாமல் எதுவும் செய்ய முடியாது. கிணற்று மோட்டாருக்கும் வேண்டாம் என்றேன். மாட்யூலுக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும், பத்து ஆம்பியர் என்று அச்சிட்ட ரிலே, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. மிஞ்சியவற்றைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். பொங்கலுக்கு மகன் வரும்போது மற்ற அறைகளின் ஒயரிங்கை மாற்றுவது பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.